இருமுவதற்கு ஓர் இடம்

மனிதர்களை இருமச் சொல்வதுதான் நம்முடைய வேலை. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைத் தேடிப் பிடித்து, மூச்சை நன்றாக உள்ளே இழுக்கச் சொல்லி, நெஞ்சின் அடியிலிருந்து வரும் சளியை ஒரு சின்ன டப்பாவில் துப்ப வைக்க வேண்டும். காசநோய்ப் பணியில் மற்ற எல்லாமே அதற்குப் பிறகுதான். அந்த டப்பாவில் வெறும் எச்சில் விழுந்தால் நோய் தப்பித்துக்கொள்ளும்.

கொரோனா வந்த வருடம் உலகமே இருமாதே என்று சொன்னது. நான் மட்டும் ஒரு ஸ்கூட்டரில் டப்பாக்களை வைத்துக்கொண்டு, இருமுங்கள் இருமுங்கள் என்று கேட்டுத் திரிய வேண்டிய நிலையில் இருந்தேன்.

நான் நாள்தோறும் டைரி எழுதுகிறவள். விருப்ப ஓய்வு வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இந்தக் கட்டுரைக்காக அந்த வருடத்தின் பக்கங்களைப் புரட்டினேன். மற்ற வருடங்களில் ஒரு நாளைப் படித்தால் அந்த நாள் புரியும். இதில் அப்படி இல்லை. காசநோய்ப் பணியாளர்கள் கொரோனா பணிக்குச் செல்ல வேண்டும் என்று ஓர் உத்தரவு இருக்கிறது. காசநோய்ப் பணி எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்று அதற்குக் கீழேயே இன்னொன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே பேனாவால், ஒரே நாளில், என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். எதைச் செய்தேன் என்று எழுதவில்லை.

அப்போது மக்களும் மாறிப்போனார்கள். கொட்டாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் முந்தைய வருடம் என்னிடம் மருந்து சாப்பிடத் தொடங்கியபோது, ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரச் சொல்வார். யாராவது கேட்டால் நான் இன்சூரன்ஸ்காரி. அதே மனிதர் ஊரடங்கு நாளில் என்னைக் கடை வாசலில் கண்டதும், எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்ததும், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணும் பயப்படாண்டாம் அண்ணாச்சி, கொரோனா இல்ல, எனக்கு டிபியாக்கும்." எதிர் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். எத்தனையோ வருடம் இந்த நோயை ஒளிக்க வேண்டியதில்லை என்று வீடு வீடாகச் சொல்லி அலைந்தவள் நான். அது இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது பொன்னுலிங்கத்தின் கதை.

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜைத் தனிமைப்படுத்தும் முகாமாக எடுத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருகிறவர்களை அங்கே தங்க வைத்தார்கள். வருகிறவர்களின் விவரத்தைப் பதிவு செய்ய என்னை அங்கே போட்டார்கள். வாசலில் காவலாளியாக இருந்தவர் பொன்னுலிங்கம். ஐம்பது வயதைத் தாண்டியவர், கொட்டாரத்துக்காரர். அவர் கையில் நெற்றிக்கு நேராகப் பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவி. அதைத் துப்பாக்கி என்றுதான் எல்லோரும் சொன்னோம். உள்ளே போகும் யாரானாலும், கலெக்டர் அலுவலகத்திலிருந்து வந்தாலும், அவர் சுட்ட பிறகுதான் போக வேண்டும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. என்னைச் சுடும்போதெல்லாம், "சிஸ்டரு, இன்னைக்கும் தப்பிச்சாச்சு" என்பார். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் சிஸ்டர்தான்.

ஊழியர்களுக்குக் காலையில் வேலைக்கு வரும்போது காய்ச்சல் பார்ப்பார்கள். பொன்னுலிங்கத்துக்கு மானேஜர் பார்ப்பார். காலையில் அவருக்குக் காய்ச்சல் இருந்ததே இல்லை. காசநோய்க் காய்ச்சல் சாயங்காலம் ஏறும் என்பது உங்கள் பாடத்தில் வரும். சாயங்காலம் அவருக்கு யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் துப்பாக்கி அவர் கையில் இருந்தது.

அவர் இருமுவார். அடக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல், தோள் மட்டும் குலுங்க இருமுவார். ஒருவர் இருமுவதைக் கேட்டே இது காசநோய் என்று சொல்லிவிடலாம் என யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கும் அது தெரியாது. நான் அந்த முகாமுக்கு வந்த அன்றும் அவர் இருமினார், அங்கே என் முகாம் பணியை இரண்டாம் முறை நீட்டித்த அன்றும் இருமினார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சீருடைச் சட்டை தோளிலிருந்து கொஞ்சம் இறங்கித் தொங்கியது. லாட்ஜ் கொடுத்த அளவு சரியில்லையோ என்றும் நினைத்துக்கொண்டேன்.

அவரை யாரும் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. இருமுகிறார் என்று மானேஜரே சொல்லி மூக்கில் மாதிரி எடுக்க வைத்தார். நெகட்டிவ். தங்கியிருந்த ஒருவர் புகார் சொல்ல, இரண்டாம் முறை எடுத்தார்கள். நெகட்டிவ். ஒவ்வொரு முறையும் முடிவு வந்ததும் மானேஜர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பொன்னுலிங்கம் அந்தத் தாளை லேமினேட் செய்து, அடையாள அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். யாராவது அவர் இருமுவதைக் கேட்டு ஒதுங்கினால் அதைத் தூக்கிக் காட்டுவார். அவர்களும் நெருங்கி வந்துவிடுவார்கள்.

மூன்றாம் முறை அவராகவே போய்ப் பரிசோதித்துக்கொண்டார். அதற்குக் காரணம் அவருடைய பேத்தி.

மகள் சுதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் மஸ்கட்டில், விமானம் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். பெண் குழந்தை பிறந்தது. பொன்னுலிங்கத்தின் மனைவி செல்வக்கனி கண்டிப்பானவர். வெளியூர்க்காரர்கள் வந்து போகும் லாட்ஜில் வேலை பார்க்கிற மனிதரைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மாடு கட்டியிருந்த சாய்ப்பில் கட்டில் போட்டுக் கொடுத்தார். தட்டும் டம்ளரும் தனி. பேத்தியை ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டுவார். இவர் மாஸ்க்கோடு இந்தப் பக்கம் நின்று புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். இதையெல்லாம் அவர் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நம் பகுதியில் இந்துக் குடும்பங்களில் குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் இடுப்பில் அரைஞாண் கட்டுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீட்டு வழக்கப்படி, கட்டும்போது குழந்தையைத் தாயின் அப்பா மடியில் வைத்திருக்க வேண்டும். செல்வக்கனி ஒரு நிபந்தனை வைத்தார். புதிதாக ஒரு நெகட்டிவ் கொண்டுவந்தால் அன்று பிள்ளையை மடியில் தருவேன்.

அந்த மூன்றாவது நெகட்டிவை அவர் என்னிடம் காட்டியபோது இருபத்தெட்டுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. "கூட்டம் கூடாதுல்லா சிஸ்டரு, அதனால ஆரையும் கூப்பிடல்ல. நீங்க மட்டும் வாங்க. ஒரு பாயாசம் குடிச்சிட்டுப் போவலாம்" என்றார். சொல்லி முடிக்கும் முன் தோள் குலுங்கியது.

இந்த இடத்தில் என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என்னிடம் இருந்தது சந்தேகம் மட்டும். சொன்னால், அது தப்பாகிப் போனால், லாட்ஜ் வாசலில் அவர் வேலை போகும். காசநோய் என்ற பேர் பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் நுழையும். சொல்லாமல் இருந்து சந்தேகம் உண்மையாகிப் போனால், கிருமியைத் துப்பிக்கொண்டிருக்கும் ஒருவர் மடியில் இருபத்தெட்டு நாள் குழந்தை கிடக்கும். அந்த வயதில் இந்த நோய் மூளை வரைக்கும் போகும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

அவரைக் கேட்டுக்கு வெளியே கூட்டிப்போய், சளிப் பரிசோதனை ஒன்று செய்து பார்க்கலாம் என்றேன்.

"மூக்குல மூணு தடவ குத்தியாச்சு. இன்னும் எங்க குத்தணும்?"

இது மூக்கில் இல்லை, இருமித் துப்ப வேண்டும், இது வேறு நோய்க்கு என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொரோனான்னா ரெண்டு வாரத்துல முடிஞ்சு போவும் சிஸ்டரு. நீங்க சொல்லுத தீனத்துக்கு ஆறு மாசம்லா."

மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். கடைசியில், எனக்காகத்தான் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. அவர் இருமுவதற்கு ஓர் இடம் இல்லை.

லாட்ஜில் வாய்விட்டு இருமினால் மாடி முழுக்க ஜன்னலில் தலை நீட்டும். வீட்டில் இருமினால் செல்வக்கனி இருபத்தெட்டையே நிறுத்திவிடுவார். அக்கம்பக்கத்தில் யாராவது போன் செய்தால் தெருவை அடைக்கத் தகரம் வந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாம் வழக்கமாகச் சளி எடுக்கும் வேப்பமரத்தடியில் காய்ச்சல்காரர்கள் வரிசை. அங்கே ஒருவரை நிறுத்தி இருமச் சொன்னால் வரிசை கலைந்து ஓடியிருக்கும்.

இருபத்தெட்டுக்கு முந்தின நாள் விடிந்ததும் அவரை வட்டக்கோட்டைக்கு வரச் சொன்னேன். கோட்டையை அடைத்துப் போட்டிருந்தார்கள். சுற்றுலாக்காரர்களும் இல்லை, இளநீர் விற்பவர்களும் இல்லை. மதிலுக்கு வெளியே, கடலைப் பார்த்த பக்கம் நல்ல காற்று. அவரைக் காற்று போகும் திசையில் நிறுத்தி, டப்பாவைக் கையில் கொடுத்து, நான் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன்.

அவருக்கு இருமல் வரவில்லை. மூச்சை இழுத்தார், தோளைக் குலுக்கினார், எச்சிலைத் துப்பினார். இன்னொரு டப்பா கொடுத்தேன். அதிலும் எச்சில். மாதக்கணக்கில் இருமலை விழுங்கி விழுங்கிப் பழகியவருக்கு, யாருமே இல்லாத இடத்திலும் வாயைத் திறக்க முடியவில்லை. "வருதில்ல சிஸ்டரு. இம்புட்டு நாளும் வராத நேரமில்ல" என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த நேரத்தில் சாலைப் பக்கமிருந்து ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார். ஊரடங்கில் கடற்கரைக்கு வந்தது தப்பு என்று தொடங்கியவர், டப்பாவைக் கண்டதும் வண்டியை நிறுத்திய இடத்திலேயே நின்றார். என் அடையாள அட்டையைத் தூரத்திலிருந்தே காட்டினேன்.

"கொரோனாவா மேடம்?"

"இல்ல சார். டிபி இருக்கான்னு பாக்கோம்."

அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "டிபிதானா. நான் பயந்துட்டேன். இருமுங்க, இருமுங்க, நல்லா இருமுங்க" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

பொன்னுலிங்கம் சிரிக்கத் தொடங்கினார். போலீஸே இரும ஆர்டர் போட்டாச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவர் இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து, அதுவரை நான் கேட்டிராத சத்தத்தில் இருமினார். டப்பாவில் விழுந்தது சளிதான். நிமிர்ந்தபோது அவர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி மூடினேன்.

நம் லேப் டெக்னீஷியன் மெர்சியிடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். நாகர்கோவிலில் இருந்த, சளியில் கிருமி பார்க்கும் நம்முடைய மெஷினில் அப்போது கொரோனா மாதிரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நம் மாதிரிக்கு எப்போது முறை வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழைய மைக்ராஸ்கோப் உறை போட்டு மூலையில் இருந்தது. மெர்சி கவச உடைக்குள் கால் விட்டுக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எனக்கு இன்னைக்கு மூக்கு, நாளைக்கும் மூக்கு. இந்த டிரெஸ்ஸ போட்டா கழத்துத வரைக்கும் தண்ணிகூட குடிக்க முடியாது. நாளைக்கு மத்தியானம் கேம்ப் முடிஞ்சதும் முதல்ல உங்க ஸ்லைடத்தான் பாப்பேன்."

இருபத்தெட்டாம் நாள் சடங்கு நாளைக் காலையில். முடிவு நாளை மத்தியானம்.

நம் காசநோய்ப் பிரிவு டாக்டருக்குப் போன் செய்தேன். அவரும் பல நாள் வீட்டுக்குப் போகாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரிசல்ட் வராம அவங்க வீட்ல எதுவும் சொல்லிராதீங்க" என்றார். சரி சார் என்றேன். "பிள்ளையையும் தூக்க விட்டுராதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டும் சரியான அறிவுரை. இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று கேட்க நான் மறுபடி அழைத்தபோது லைன் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பொன்னுலிங்கத்திடம், நாளைக்கு ஒரு நாள் பிள்ளையை மடியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கழுத்திலிருந்த அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது நானா அடிச்சது இல்ல சிஸ்டரு. உங்க சர்க்கார் குடுத்தது. இதையும் நம்பாண்டாம்னா பின்ன எதைத்தான் நம்ப?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்தத் தாளில் எழுதியிருந்தது பொய்யில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தது.

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். கொட்டாரத்து வயலை ஒட்டிய வீடு. முற்றம் கழுவிக் கோலம் போட்டிருந்தது. பொன்னுலிங்கம் குளித்து, புது வேட்டி கட்டி, சாய்ப்புக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பாயாசத்துக்கு வந்தேன் என்று நினைத்து எழுந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

செல்வக்கனி வாசலுக்கு வந்தார். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு டெஸ்ட் எடுத்திருக்கு. மத்தியானம் ரிசல்ட் வரும். அது வரைக்கும் பிள்ளைய அவர் கையில குடுக்காதீங்க."

"கொரோனாவா?"

நான் ரிசல்ட் வரட்டும் என்றேன்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து, பின்னே என்ன என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால் பொய். நான் சொன்னது இரண்டும் இல்லை. ஆனால் அந்த வருடத்தில் அந்தப் பதிலுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்திருந்தது.

செல்வக்கனி திரும்பி, சாய்ப்புப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "நாலு நாள் லீவு போடும்னு தலப்பாடா அடிச்சேன். கேட்டீரா. பிள்ளைக்க முகத்தப் பாத்தாவது கேட்டீரா." பொன்னுலிங்கம் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அது கொரோனா இல்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு எழுந்து, வயல் வரப்பு வரைக்கும் நடந்துபோய், புது வேட்டியோடு வீட்டைப் பார்த்து நின்றுகொண்டார். குழந்தையைச் செல்வக்கனியே மடியில் வைத்துக்கொண்டார். சுதா அரைஞாணைக் கட்டினாள். மருமகன் போனில் மஸ்கட்டிலிருந்து பார்த்தார், மாமா எங்கே என்று இரண்டு முறை கேட்டார். பாயாசம் அடுப்பிலேயே இருந்தது.

மத்தியானம் மெர்சி அழைத்தாள். பாசிட்டிவ், அதுவும் நிறையக் கிருமி என்றாள். அவள் இன்னும் தண்ணீர் குடித்திருக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

மறுபடி போனேன். செல்வக்கனியையும் சுதாவையும் முற்றத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். கொரோனா இல்லை. காசநோய். மருந்து இருக்கிறது, குணமாகும், குழந்தையையும் உங்களையும் பரிசோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். செல்வக்கனி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"பால்காரனத் தெருவுலயே நிறுத்தினேன். எனக்க அக்கா வந்தா, அவளையும் படி ஏத்தல்ல. வெளியிருந்து ஒண்ணும் வந்துரப்புடாதுன்னு கதவுல மஞ்ச தெளிச்சேன். இது எப்பம் வந்தது சிஸ்டரு?"

எப்போது என்று சொல்ல முடியாது, மாதங்கள் ஆகியிருக்கலாம் என்றேன்.

"மூணு தடவ ஒண்ணும் இல்லன்னு சொன்னியளே."

அவரே தொடர்ந்தார். "காலம்பற கொரோனான்னு நினைச்சு அழுதேன். இப்பம் அது இல்லங்கீங்க. நான் இப்பம் அழணுமா, வேண்டாமா? அதச் சொல்லுங்க." எந்தப் பயிற்சியிலும் இதற்கு விடை சொல்லிக்கொடுக்கவில்லை. உங்களுக்கும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

குழந்தைக்கு எல்லாம் பார்த்தோம். நோய் இல்லை. டாக்டர் முன்தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்தார். சுதாவுக்கும் செல்வக்கனிக்கும் நோய் இல்லை. பிள்ளை எப்படித் தப்பியது என்று யோசித்தால் ஒரே ஒரு காரணம்தான் தென்படுகிறது. கொரோனாவுக்குப் பயந்து செல்வக்கனி அவரைச் சாய்ப்பில் படுக்க வைத்தார், மாஸ்க் போடச் சொன்னார், தட்டைத் தனியாக வைத்தார். காசநோய் என்று நான் முதல் நாளே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கண்டிப்பாக ஒதுக்கி வைத்திருப்பார்களா என்று தெரியாது. நாமே கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டோம். அவருடைய நோயை மாதக்கணக்கில் மறைத்து வைத்ததும் கொரோனாதான், அந்தக் குழந்தையைக் காப்பாற்றியதும் அதுதான். அன்றைய டைரியில் இந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டு, மூன்றாவதாக ஏதோ எழுதத் தொடங்கி நிறுத்தியிருக்கிறேன்.

நான் வாசலில் விட்டுவந்த அரைகுறைப் பதிலுக்கு அந்த வீடு விலை கொடுத்தது. கொரோனா என்ற பேச்சு காலையிலேயே தெருவில் பரவிவிட்டது. மத்தியானத்து உண்மைக்கு அவ்வளவு வேகம் இல்லை. பால்காரரை முன்பு செல்வக்கனி நிறுத்தினார், இப்போது அவராகவே வரவில்லை. நான் இரண்டு முறை தெருவில் நின்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தக் காலை திரும்ப வந்தால் வேறு எதைச் சொல்வேன் என்று எனக்கு இன்றும் தெளிவில்லை. உங்களுக்குத் தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள்.

லாட்ஜ் மானேஜர் வேலையைத் தக்க வைத்துக் கொடுத்தார். டாக்டர் அனுமதித்த பிறகு பொன்னுலிங்கம் வாசலுக்குத் திரும்பினார். கழுத்தில் அந்த அட்டை இல்லை. இரண்டு மாத மருந்துக்குப் பின் சளியில் கிருமி இல்லை, இனிப் பேத்தியைத் தூக்கலாம் என்று டாக்டரே சொன்னார். செல்வக்கனி சம்மதிக்கவில்லை. "ஆறு மாசம்னா ஆறு மாசம். இனி நான் ஒரு நெகட்டிவையும் நம்பத் தயாரில்ல." பொன்னுலிங்கமும் எதிர்த்துப் பேசவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மாஸ்க்கோடு நின்று புருவத்தைத் தூக்கிக் காட்டினார். குழந்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு கெக்கலிக்கும் அளவுக்கு வளர்ந்தது. விமானம் விட்டும் மருமகனுக்கு லீவு கிடைக்காததால் சுதா அங்கேயே இருந்தாள்.

மருந்து முடிந்தது. கடைசிப் பரிசோதனையும் சரியாக இருந்தது. அதைச் சொல்ல நானே போனேன். இரண்டாவது அலை தொடங்கியிருந்த வாரம் அது. முற்றத்துக்கு வெளியே நான் நின்றேன். செல்வக்கனி என்னிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு உள்ளே போய், குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினார்.

பொன்னுலிங்கம் கையைக் கழுவிவிட்டு வந்தார். மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கொஞ்சம் சதை போட்டிருந்த முகம். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தார்.

குழந்தை அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டு அழுதது. பாட்டியைப் பார்த்துக் கையை நீட்டித் துள்ளியது. சுதா கொஞ்சினாள், செல்வக்கனி விரலைச் சொடுக்கினார், நிற்கவில்லை. பொன்னுலிங்கம் புருவத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அதற்கும் அழுதது. மூக்கும் வாயும் மீசையும் உள்ள அந்த மனிதர் யார் என்று அதற்குத் தெரியவில்லை.

அவர் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துக் காதில் மாட்டினார். மீண்டும் புருவத்தைத் தூக்கினார். அழுகை நின்றது. குழந்தை விம்மிக்கொண்டே கையை நீட்டி மாஸ்க்கின் ஓரத்தைப் பிடித்தது. பிறகு அவர் நெஞ்சில் சாய்ந்துகொண்டது.

பொன்னுலிங்கம் குழந்தையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சிஸ்டரு, இனி இத எப்பம் கழத்தலாம்?"

காசநோய்க்கு இனி மாஸ்க் வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். ஆனால் என் கைப்பையில் அன்று காலை வந்த கொரோனா உத்தரவு இருந்தது, வீட்டிலும் எல்லோரும் போட வேண்டும் என்று. குழந்தை அவர் நெஞ்சில் தூங்கத் தொடங்கியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் தேடிக்கொண்டு, என் மாஸ்க்குக்குள் மூச்சு விட்டபடி, நான் அந்த முற்றத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.